மழையிலும் மூடுபனியிலும் புதிய லாரி ஓட்டுநர்கள்: கட்டுப்பாடு யாருக்கு வேண்டும்?

நாமக்கல்லில் லோடு ஏற்றி வடக்கே கிளம்பும் லாரிக்கு வழி தேடும் வேலையே இல்லை. தேசிய நெடுஞ்சாலை 44 ஊரை ஒட்டியே போகிறது. அதைப் பிடித்தால் பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா, டெல்லி, லூதியானா, ஜம்மு என்று ஸ்ரீநகர் வரை போய்விடலாம். டிசம்பர், ஜனவரியில் ஆக்ராவைத் தாண்டினால் மூடுபனி. ஜம்முவுக்கு மேலே மலையும் உறைபனியும். திரும்பி வரும்போது, தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் தொப்பூர் கணவாய் மழையில் நனைந்து கிடக்கும். இவை எல்லாவற்றிலும் ஓட்டுவதற்கு ஒரே கனரக உரிமம் போதும். அந்த உரிமத்தை நேற்றுதான் வாங்கியவர் இன்று இரவு மூடுபனிக்குள் 25 டன் சரக்கோடு போகலாம். வானிலையைக் காட்டி அவரைத் தடுக்கும் விதி எதுவும் கிடையாது.

இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. அனுபவம் குறைந்தவர்களை மோசமான வானிலையில் கனரக வண்டி ஓட்ட விடக் கூடாது என்று சொல்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பெரிய விபத்து ஒன்று நடந்ததும் இந்தப் பேச்சு எழும், சில வாரங்களில் அடங்கும். புதியவர்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை ஓட்டுநரின் உரிமத்தில் மட்டும் எழுதி வைத்தால் அது வேலை செய்யாது. வண்டியை அனுப்புகிறவர் மேல் எழுத வேண்டும்.

முதலில், மோசமான வானிலை ஒரு லாரியை என்ன செய்கிறது என்று பார்க்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்குச் சுமார் 17 மீட்டர் நகர்கிறது. முன்னால் ஏதோ நிற்பதைக் கண் கண்டு, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும். லாரியில் ஏர் பிரேக் என்பதால் காற்று சக்கரம் வரை போய் அழுத்தம் கொடுக்க இன்னும் அரை நொடி வையுங்கள். இந்த 2 நொடியில் வண்டி 33 மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகுதான் வேகமே குறையத் தொடங்கும். ஈரமான சாலையில் முழுதாக நிற்க இன்னும் 40 மீட்டர் வேண்டும். மொத்தம் 70 மீட்டருக்கு மேல். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் 50 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை என்றால் அது மிக அடர்ந்த மூடுபனி. அதாவது 60இல் போகும் லாரி ஓட்டுநருக்கு, முன்னால் நிற்கும் வண்டி தெரியும்போதே மோதல் நிச்சயமாகிவிட்டது. வேகத்தை 40ஆகக் குறைத்தால் மொத்தத் தூரம் 40 மீட்டர் அளவுக்கு வந்துவிடும், தப்பிக்க வழி உண்டு. பார்வை 30 மீட்டருக்குச் சுருங்கிவிட்டால் 25க்கு மேல் போவதே தவறு.

இந்தக் கணக்கு 30 வருடம் ஓட்டியவருக்கும் 3 மாதம் ஓட்டியவருக்கும் ஒன்றுதான். அனுபவசாலியின் கால் கொஞ்சம் முன்னதாகப் பிரேக்குக்குப் போகலாம், அவ்வளவுதான். டயருக்கும் தாருக்கும் இடையிலான பிடிமானம் யார் ஸ்டீயரிங் பிடித்திருக்கிறார் என்று பார்ப்பதில்லை.

அப்படியானால் அனுபவம் எதற்கு உதவுகிறது? பிரேக்கை மிதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எடுக்கும் முடிவுகளுக்கு. நீண்ட வறட்சிக்குப் பிறகு விழும் முதல் தூறல், கொட்டும் மழையைவிட வழுக்கும் என்று தெரிந்திருப்பது ஒன்று. சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் கழுவிப் போகும் வரை அது சோப்பு நீர்தான். காலி லாரியை ஈரச் சாலையில் சுமை லாரியைவிடக் கவனமாக ஓட்ட வேண்டும் என்று தெரிந்திருப்பது இன்னொன்று. புதிதாக வருபவர்களுக்கு இது நேர்மாறாகத் தோன்றும். பாரம் இல்லை, சட்டென்று நிற்கும் என்று நினைப்பார்கள். ஆனால் பிரேக்கின் வலு முழுச் சுமைக்காக அமைக்கப்பட்டது. பின் அச்சில் பாரம் இல்லாதபோது அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், புதிய கனரக வண்டிகளில் 2015 முதல் கட்டாயமாகியிருக்கிறது என்பது ஆறுதல். ஆனால் சாலையில் அதற்கு முந்தைய வண்டிகளும் நிறைய ஓடுகின்றன. அப்புறம், மழையில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே மூச்சுக்காற்றின் ஆவி படிந்து முன்கண்ணாடி மங்கும். ஏசி இல்லாத கேபினில் ஒரு கையால் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே ஓட்டுவார்கள். 2025இலிருந்து தயாராகும் லாரிகளில் கேபின் ஏசி கட்டாயம் என்ற விதியைப் பலரும் சொகுசு என்று பேசினார்கள். மழைக்கால ஓட்டத்தில் அது கண்பார்வை சம்பந்தப்பட்ட விஷயம்.

இதையெல்லாம் விட முக்கியமாக, "இனி முடியாது, ஓரம் கட்டிவிடலாம்" என்று எப்போது முடிவெடுப்பது என்பதை அனுபவம் கற்றுத் தருகிறது. புதியவருக்கு அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரிந்தாலும், முதலாளிக்கு போன் போட்டுச் சொல்லும் தைரியம் இருக்காது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் விபத்துகளை வானிலை வாரியாகப் பிரித்து வெளியிடுகிறது. 2022இல் நாட்டில் 4,61,312 விபத்துகள், 1,68,491 சாவுகள். இவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கு தெளிவான வானிலையில் நடந்தவை. நல்ல வெயிலில், நேரான சாலையில்தான் பெரும்பாலோர் சாகிறார்கள். அப்படியிருக்க வானிலையைப் பிடித்துக்கொண்டு தொங்குவானேன் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் ஆண்டின் பெரும்பகுதி நேரம் வானிலை தெளிவாகத்தான் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. மூடுபனி சில வாரங்கள், அதிலும் சில மணி நேரங்கள் மட்டுமே இருப்பது. அந்தச் சில மணி நேரங்களில் நடக்கும் விபத்து ஒரு வண்டியோடு நிற்பதில்லை. பின்னால் வருபவை வரிசையாக வந்து மோதுகின்றன.

அனுபவமின்மை தெளிவான வானிலையிலேயே எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதற்கு, கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் 2018 ஏப்ரல் 6 அன்று நடந்த விபத்தைப் பார்க்க வேண்டும். ஹம்போல்ட் பிராங்கோஸ் என்ற இளைஞர் ஐஸ் ஹாக்கி அணியின் பேருந்து, நிறுத்தப் பலகையைக் கவனிக்காமல் சந்திப்புக்குள் வந்த இரட்டை டிரெய்லர் லாரியில் மோதியது. 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயமடைந்தார்கள். லாரி ஓட்டியவர் இந்தியாவிலிருந்து போனவர், இரண்டு வாரப் பயிற்சிக்குப் பிறகு தனியாக வண்டியை எடுத்தவர். பின்னால் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்ததில் அவர் கவனம் போய்விட்டது என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. காற்றில் அடிக்கும் தார்ப்பாய் பழைய ஓட்டுநருக்கு ஒரு எரிச்சல். வண்டியை நிறுத்திக் கட்டிவிட்டுப் போவார். புதியவருக்கு அது பதற்றம். பேருந்தில் 16 உயிர்கள் அந்தப் பதற்றத்துக்குள் போய்விட்டன. அவருக்கு 8 ஆண்டு சிறை. சஸ்காட்செவன் 2019இல் கனரக உரிமத்துக்கு 121.5 மணி நேரக் கட்டாயப் பயிற்சி கொண்டுவந்தது. ஒன்டாரியோ அதற்கு முன்பே, 2017இல், 103.5 மணி நேரம் என்று வைத்திருந்தது.

பயிற்சி கொடுத்தால் போதும் என்று இதிலிருந்து முடிவுக்கு வந்துவிடலாமா? நார்வே அனுபவம் வேறு மாதிரி சொல்கிறது. அங்கே 1970களின் இறுதியில் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்கும் சாலையில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு ஆராய்ந்தபோது இளைஞர்களின் வழுக்கல் விபத்துகள் குறையவில்லை, கூடியிருந்தன. சறுக்கும் வண்டியைத் திருப்பிக் கட்டுக்குள் கொண்டுவரும் வித்தையை ஒரு நாளில் கற்றவர்கள், தங்களால் எந்தச் சறுக்கலையும் சமாளிக்க முடியும் என்று நம்பிவிட்டார்கள். முன்பு பயந்து மெதுவாகப் போன இடத்தில் இப்போது வேகமாகப் போனார்கள். அதற்குப் பிறகு பயிற்சியின் நோக்கத்தையே மாற்றினார்கள். உன்னால் முடியாது என்பதை உணர்த்துவதுதான் வேலை என்று. வானிலைக்கான பயிற்சி பற்றி யார் பேசினாலும் இந்தப் பாடத்தைத் தாண்டிப் போக முடியாது.

பழைய ஓட்டுநர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. பத்து முறை மூடுபனியில் வேகமாகப் போய் எதுவும் ஆகாமல் வந்தவர், அதைத் தன் திறமை என்று எடுத்துக்கொள்வார். பதினோராவது முறை சாலையில் ஒரு டிராக்டர் விளக்கில்லாமல் நிற்கும்.

அனுபவம் என்ற சொல்லே இங்கே வழுக்குகிறது. எந்தச் சாலையின் அனுபவம்? தொப்பூர் கணவாயில் நடக்கும் லாரி விபத்துகள் பலவற்றில் ஓட்டுநர்கள் வெளிமாநிலத்தவர்கள். அவர்களில் பலர் புதியவர்களே அல்ல. அந்த இறக்கம் அவர்களுக்குப் புதிது. சில கிலோமீட்டர் தூரம் விடாமல் சரிவு. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவார்கள். வேகம் கூடக்கூடப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். டிரம் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போகும், அல்லது அடிக்கடி மிதித்ததில் காற்றழுத்தம் இறங்கிவிடும். 2020 டிசம்பரில் அங்கே ஒரு லாரி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த கார் வரிசைக்குள் புகுந்து 4 பேர் இறந்தார்கள். அதே தொப்பூரை உள்ளூர் ஓட்டுநர் கீழ் கியரில், இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு, மழையிலும் அலுங்காமல் இறக்குவார். அவரையே கொண்டுபோய் ஜனவரி மாத அதிகாலையில் பானிபட்டில் விட்டால், கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர் நிற்பதை வாழ்நாளில் முதல்முறையாகப் பார்ப்பார். இருபது வருட உரிமம் அங்கே உதவாது. பானிபட்டுக்காரருக்குத் தொப்பூரும் அப்படித்தான்.

ஆக, "இத்தனை வருடம் ஆனவர்கள் மட்டும்" என்ற ஒரே எண்ணில் விதி போட்டால் அது பாதி ஆபத்தைத் தொடவே தொடாது.

நம் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது ஆகியிருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். அந்த ஓராண்டில் கார் ஓட்டினாரா, உரிமத்தைப் பீரோவில் வைத்திருந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வண்டி என்றால் இலகுரக உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் உறுதிசெய்துவிட்டது. இவ்வளவுதான் அனுபவ நிபந்தனை.

ஆனால் ஆபத்துக்கு ஏற்ப உரிமத்தைப் பிரிக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. கேஸ், பெட்ரோல், அமிலம் போன்ற ஆபத்தான சரக்கை ஏற்றுபவர் தனிப் பயிற்சி பெற்று உரிமத்தில் தனி ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த ஒப்புதல் 3 ஆண்டுதான் செல்லும். சாதாரணப் போக்குவரத்து உரிமம் 5 ஆண்டு. நாமக்கல்லில் கேஸ் டேங்கர் ஓட்டுபவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். உத்தராகண்டில் மலைப்பாதையில் வணிக வாகனம் ஓட்ட உரிமத்தில் மலை ஒப்புதல் வேண்டும். அதற்குத் தனித் தேர்வு. சமவெளியில் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் அங்கே போய் அதைக் காட்ட வேண்டும். சரக்குக்கும் மலைக்கும் இது சாத்தியம் என்றால் மூடுபனிக்குச் சாத்தியமில்லை என்று சொல்ல முடியாது. ஒரு வேறுபாடு உண்டு. மலை அங்கேயேதான் இருக்கும், சோதனைச் சாவடி வைக்கலாம். மூடுபனி இரவு 2 மணிக்கு வந்து காலை 10 மணிக்குப் போய்விடும்.

வானிலையையும் அனுபவத்தையும் நேரடியாக முடிச்சுப் போட்ட ஒரு தொழில் இருக்கிறது: விமானம். அமெரிக்க விதிகளில், ஒரு வகை விமானத்தில் கேப்டனாக 100 மணி நேரம் முடிக்காதவருக்குத் தரையிறங்கும் வானிலை வரம்பே வேறு. மற்ற கேப்டன்கள் இறங்கக்கூடிய மேக உயரத்தோடு 100 அடியும், பார்வைத் தூரத்தோடு அரை மைலும் கூட்டிக்கொள்ள வேண்டும். அதற்குக் கீழே வானிலை இருந்தால் அவர் வேறு விமான நிலையத்துக்குத் திருப்ப வேண்டும். அவர் வேறு வகை விமானங்களில் பல்லாயிரம் மணி நேரம் பறந்தவராக இருந்தாலும் கணக்கு இந்த வகையில்தான் பார்க்கப்படும். தொப்பூருக்கும் பானிபட்டுக்கும் நான் சொன்னதைத்தான் அவர்கள் எப்போதோ விதியாக எழுதிவிட்டார்கள்.

அதே அமெரிக்காவில் லாரிக்கு அப்படி எதுவும் இல்லை. பனி, உறைபனி, மூடுபனி, மழை, தூசி, புகை ஆகியவை பார்வையையோ பிடிமானத்தையோ கெடுத்தால் மிகுந்த கவனத்தோடு ஓட்ட வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும், நிலைமை மோசமானால் நிறுத்திவிட வேண்டும் என்று கூட்டாட்சி விதி சொல்கிறது. எல்லா ஓட்டுநருக்கும் ஒரே விதி. முடிவு அவர் கையில். 21 வயதுக்குக் குறைந்தவர்களை மாநிலம் தாண்டி ஓட்ட அனுமதிக்கும் சோதனைத் திட்டம் ஒன்று 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. அதில் பழைய ஓட்டுநர் ஒருவர் பக்கத்தில் உட்கார, முதலில் 120 மணி நேரம், பிறகு 280 மணி நேரம் ஓட்ட வேண்டும் என்று இருந்தது. ஆக 400 மணி நேரம் துணையோடு. எனக்கு இதுதான் இந்த விஷயத்தில் மிகவும் அர்த்தமுள்ள ஏற்பாடாகப் படுகிறது.

ஏனென்றால் நம்மிடம் இது இருந்தது. பெயர் கிளீனர். கிளீனராக ஏறியவர் டயர் மாற்றுவார், தார்ப்பாய் கட்டுவார், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று கை காட்டுவார், மூடுபனியில் தலையை வெளியே நீட்டி இடப்பக்கக் கோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவார். சில வருடம் கழித்து அவரே டிரைவர். அந்த முறையில் சுரண்டல் இருந்தது. பள்ளிக்குப் போக வேண்டிய பையன்கள் லாரியில் தூங்கினார்கள், உரிமம் இல்லாமல் ஸ்டீயரிங் பிடித்தார்கள். அதை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் மோசமான வானிலையை வேறொருவர் பொறுப்பில் பார்த்துப் பழகும் காலம் என்ற ஒன்று அதில் இருந்தது. வாடகை கட்டுப்படியாகாமல் கிளீனர்கள் மெல்ல மறைந்தார்கள். தேசிய பெர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018இல் எடுக்கப்பட்டுவிட்டது. நடைமுறையில் பலர் அதைக் கடைப்பிடிக்கவில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் விதி இருந்தவரை ஒரு பிடி இருந்தது. இப்போது புதிய ஓட்டுநர் தன் முதல் மூடுபனியைத் தனியாகப் பார்க்கிறார்.

சரி, விதி போடுவதாகவே வைத்துக்கொள்வோம். இரண்டு வருடம் ஆகாதவர் அடர்ந்த மூடுபனியில் ஓட்டக் கூடாது என்று உரிமத்தில் எழுதிவிட்டோம். அந்தப் பையன் ஜான்சி தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார். இரவு 1 மணி. பனி இறங்குகிறது. லாரி ஆபீஸிலிருந்து போன்: காலை 8 மணிக்கு அன்லோடு, பார்ட்டி காத்திருக்கிறார். அவருக்குச் சம்பளம் டிரிப் கணக்கில், படியும் அப்படியே. நின்றால் இந்த டிரிப் ஒரு நாள் தள்ளும், ரிட்டன் லோடு கைமாறிப் போகும், மாதத்தில் ஒரு நடை குறையும். அவர் என்ன செய்வார் என்று எல்லாருக்கும் தெரியும். விபத்து நடந்தால் மட்டும் அந்த விதி வெளியே வரும்: தடையை மீறி ஓட்டினார் என்று. முன்பு அலட்சியம் என்று ஒரு குற்றச்சாட்டு இருந்த இடத்தில் இப்போது இரண்டு இருக்கும். அனுப்பியவர் பெயர் எங்கேயும் வராது.

2024 ஜனவரியில் நாடு முழுக்க லாரிகள் ஏன் நின்றன என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். விபத்தை ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் போனால் 10 ஆண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவுக்கு எதிராக ஓட்டுநர்கள் இறங்கினார்கள். அந்தப் பிரிவு நிறுத்திவைக்கப்பட்டது. தப்பி ஓடுவதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சாலையில் நடக்கும் எதற்கும் தண்டனை தன் தலையில்தான் விழும் என்று அவர்கள் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு அமெரிக்க வழக்கு. 2009 ஜனவரியில், இல்லினாய் மாநிலத்தில், பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே போன குளிரில் ஒரு லாரியின் டிரெய்லர் பிரேக்குகள் உறைந்து இறுகிவிட்டன. கேபினில் ஹீட்டரும் வேலை செய்யவில்லை. உதவி வரும் என்று ஓட்டுநர் மணிக்கணக்கில் காத்திருந்தார். உடல் மரத்துப்போகத் தொடங்கியதும் டிரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டு முன்பகுதியை மட்டும் ஓட்டிக்கொண்டு போய் உயிர் பிழைத்தார். சரக்கை விட்டுப் போனதற்காக அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். பாதுகாப்பற்ற நிலையில் ஓட்ட மறுக்கும் ஓட்டுநரைப் பழிவாங்கக் கூடாது என்ற சட்டம் அங்கே இருந்ததால், 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தச் சட்டம் இருந்தும் ஏழு வருடம் ஆனது. நம்மிடம் அப்படி ஒரு பாதுகாப்பு இல்லாமல் வெறும் அனுபவக் கட்டுப்பாட்டை மட்டும் கொண்டுவருவது, மறுக்கும் கடமையைக் கொடுத்துவிட்டு மறுக்கும் உரிமையைக் கொடுக்காமல் விடுவது.

அனுப்புகிறவரைப் பொறுப்பாக்குவதற்கு ஆஸ்திரேலியா ஒரு வழி காட்டியிருக்கிறது. 2014இல் நடைமுறைக்கு வந்த கனரக வாகனச் சட்டத்தில், சரக்கை அனுப்புபவர், ஏற்றுபவர், நேர அட்டவணை போடுபவர், பெறுபவர் எல்லாரும் பாதுகாப்புக்குச் சட்டப்படி பொறுப்பு. வேகமாகப் போனால்தான் எட்ட முடியும் என்ற நேரத்தை யார் கொடுத்தார் என்பதைத் தேடிப் போய்க் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில், எவ்வளவு தூரம் ஓட்டினாய், எவ்வளவு சீக்கிரம் சேர்த்தாய் என்பதைப் பார்த்துச் சம்பளமோ போனஸோ கொடுப்பது சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் விதத்தில் இருந்தால் அதுவே சட்டவிரோதம். டிரிப் கணக்கில் வாழும் நம் ஓட்டுநருக்கு இந்த ஒரு வரி, எந்த வானிலை விதியையும்விட அதிகம் உதவும்.

இங்கே லாரி முதலாளி என்றதும் பெரிய கம்பெனியை நினைத்துவிடக் கூடாது. ஒன்று, இரண்டு, ஐந்து லாரி வைத்திருப்பவர்கள்தான் ஏராளம். பலர் முன்னாள் ஓட்டுநர்கள். வண்டிக்கு மாதத் தவணை கட்ட வேண்டும், டீசல் கடனில் ஓடும். ஒரு நாள் தாமதத்தைத் தாங்கும் வலு அவருக்கும் இல்லை. அதனால் பொறுப்பு அவரோடு நின்றாலும் பயன் இல்லை. சரக்கின் சொந்தக்காரர் வரை போக வேண்டும். வானிலையால் நின்ற நேரத்துக்கு ஹால்டிங் கட்டணம் கொடுப்பது அவர் கடமையாக வேண்டும், அதில் ஓட்டுநருக்கும் பங்கு வேண்டும். சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்சீட்டான ஈ-வே பில்லின் கெடு ஒரு நாளுக்கு 200 கிலோமீட்டர் என்ற கணக்கில் ஓடுகிறது. நீட்டிக்க வேண்டுமென்றால் கெடு முடிவதற்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள் கேட்க வேண்டும். வானிலை ஆய்வுத் துறை சிவப்பு எச்சரிக்கை கொடுத்த மாவட்டங்களில் நிற்கும் வண்டிகளுக்கு இந்த நீட்டிப்பு தானாகவே நடக்கும்படி செய்வது ஒரு கணினி வேலைதான்.

சில வேளைகளில் அனுபவத்தைப் பற்றிப் பேசுவதே தேவையில்லை. எல்லாரையும் நிறுத்த வேண்டும். 2021 பிப்ரவரி 11 அதிகாலை, டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் ஒரு மேம்பாலச் சாலையில் மழைநீர் விழுந்தபடியே உறைந்தது. சுமார் 130 வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி 6 பேர் இறந்தார்கள். பின்னால் வந்த கனரக லாரிகள் நிற்கவே இல்லை, சறுக்கிக்கொண்டே வந்து ஏறின. அந்தப் பனிக்கட்டியில் எந்த ஓட்டுநராலும் எதுவும் செய்திருக்க முடியாது. சாலையை நடத்திய நிறுவனம் நிலைமையைக் கண்காணித்துக் கையாளத் தவறியது என்றே விசாரணை அமைப்பு சொன்னது. பென்சில்வேனியாவில் பனிப்புயல் வந்தால் படிப்படியாக அடைக்கிறார்கள்: முதல் படியில் காலி டிரெய்லர்களும் லேசான பாரம் ஏற்றியவையும் நிறுத்தப்படும், நான்காம் படியில் எல்லா வணிக வாகனங்களும். ஜம்மு-ஸ்ரீநகர் பாதையில் எந்தப் பக்கத்துக் கனரக வண்டிகளை இன்று விடுவது என்று போக்குவரத்துக் காவல்துறை அன்றன்றைக்கு அறிவிக்கிறது. யமுனா விரைவுச் சாலையில் குளிர்காலத்தில் கனரக வண்டிகளின் வேக வரம்பு 60ஆகக் குறைக்கப்படுகிறது. மேலே போட்ட கணக்குப்படி 50 மீட்டர் பார்வைக்கு அந்த 60கூட அதிகம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கியபோது கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஓஎம்ஆரிலும் தமிழக அரசு பேருந்துகளை நிறுத்தியது. ஓட்டுநருக்கு எத்தனை வருடம் ஆகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை, அதுதான் சரி.

இந்த இரண்டுக்கும் நடுவில், அதாவது சாலையை அடைக்கும் அளவுக்கு மோசம் இல்லை, ஆனால் புதியவர் கையில் கொடுக்கும் அளவுக்கு நன்றாகவும் இல்லை என்ற நிலையில்தான் அனுபவக் கட்டுப்பாட்டுக்கு இடம் இருக்கிறது. கனரக உரிமம் பெற்ற முதல் ஆண்டில், பெயர் குறிப்பிட்டு அறிவிக்கப்பட்ட மலை இறக்கங்களிலும், எச்சரிக்கை விடப்பட்ட மூடுபனி, கனமழைப் பகுதிகளிலும், அந்தப் பாதையில் ஓட்டிய இன்னொருவர் பக்கத்தில் இல்லாமல் அவரை அனுப்பக் கூடாது என்ற விதி போதும். தடை "அனுப்பக் கூடாது" என்று இருக்க வேண்டும், "ஓட்டக் கூடாது" என்று இருக்கக் கூடாது. மீறினால் அபராதம் லாரி ஆபீஸுக்கும் சரக்கு அனுப்பியவருக்கும். அனுபவத்தை உரிமத்தின் தேதியை வைத்துக் கணக்கிடாமல், எந்தப் பாதையில் எத்தனை நடை போனார் என்று ஓட்டுநரின் பெயரிலேயே பதிய வேண்டும். உரிமங்களைப் பார்த்துக்கொள்ளும் சாரதி தளத்தில் இதற்கு ஒரு பகுதி சேர்க்கலாம். அந்தப் பதிவு அவருடைய சொத்து. அடுத்த முதலாளியிடம் போகும்போது காட்டிக் கூடுதல் சம்பளம் கேட்கலாம். ஏற்கெனவே இந்தத் தொழிலுக்கு ஆள் வருவதில்லை, இன்னும் நிபந்தனை போட்டால் யார் வருவார்கள் என்று முதலாளிகள் கேட்பார்கள். முதல் வருடமே உயிர் பயத்தோடு தனியாக அனுப்புவதால்தான் பலர் வருவதில்லை, வந்தவர்களும் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது என் பதில். இரண்டாவது ஆளுக்கான படி வாடகையில் ஏறும். ஏறட்டும்.

கடைசியாக ஒன்று, நிற்க இடம். ஓட்டுநர் சரியான முடிவெடுத்து நிறுத்த நினைத்தாலும் எங்கே நிறுத்துவார்? மூடுபனியில் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் லாரியின் பின்பக்கத்தில் வந்து மோதிச் சாகிறவர்கள் ஏராளம். தாபா முன்னால் இடம் நிறைந்திருக்கும், பெட்ரோல் பங்கில் டீசல் போடாவிட்டால் விரட்டுவார்கள். டோல்கேட்டுகளில் அகலமான இடம் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, கேமரா இருக்கிறது, ஆம்புலன்ஸும் இருக்கிறது. எச்சரிக்கை உள்ள நாட்களில் ஒவ்வொரு டோல்கேட்டிலும் லாரிகளைக் கட்டணமில்லாமல் நிறுத்த இடம் ஒதுக்கி, கழிப்பறையைத் திறந்துவிட்டு, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை நின்றார் என்று ஒரு ரசீது அடித்துக் கொடுக்க வேண்டும். ஹால்டிங் கேட்பதற்கும், நான் ஏமாற்றவில்லை, பனியில்தான் நின்றேன் என்று முதலாளியிடம் காட்டுவதற்கும் அந்த ரசீது போதும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. நெடுஞ்சாலை ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டால் வரும் டிசம்பருக்குள் செய்துவிடலாம்.